சின்ன எலும்பில் முறிவா, சுளுக்கா? எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எந்த வரிசையில்: பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விரல், மணிக்கட்டு, பாதம், விலா, மூக்கு, குழந்தைகளின் முன்கை. இந்த இடங்களில் அடிபட்டு, முறிவா சுளுக்கா என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூருவில் எலும்பு மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர்ப் பக்கத்திலிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்கள் படம் எடுத்து முடித்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஸ்கேன் எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியுமா, சார்?”

சில எலும்புகளில் தெரியும். சிலவற்றில் எக்ஸ்ரேயில் தெரிந்ததுகூட ஸ்கேனில் தெரியாது. எந்த எலும்பு, என்ன வயது, அடிபட்டு எத்தனை நாள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். இந்தக் கட்டுரையில் ஸ்கேன் என்று வரும் இடமெல்லாம் அல்ட்ராசவுண்டைக் குறிக்கும். சி.டி., எம்.ஆர்.ஐ. வரும் இடத்தில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் கருவி என்று யோசிக்கவே கூடாத நேரம்

எலும்பு வெளியே தெரிகிறது, வீங்கிய இடத்திலேயே ஆழமான காயம் இருக்கிறது, விரல் நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்துவிட்டது, மரத்துப்போய்விட்டது, கையோ காலோ கோணிக் கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலை, கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை ஆகியவற்றில் பட்ட அடிக்கும் இதுவே விதி. மார்பில் அடிபட்டு மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது.

காரணம் எளிது. இரத்த ஓட்டம் தடைப்பட்ட விரலைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். படம் எடுக்கும் மையம் தேடி அலைவதில் அதைத் தொலைக்கக் கூடாது. ஜெயநகரில் உள்ள சஞ்சய் காந்தி மருத்துவமனை விபத்துக்கும் எலும்புக்கும் என்றே இயங்கும் அரசு நிறுவனம். சிவாஜிநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு பவுரிங் மருத்துவமனை அருகில். வண்டி கிடைக்காவிட்டால் 108.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். இது படத்துக்காக மட்டும் சொல்வதன்று. ஒரு மணி நேரத்தில் வீக்கம் ஏறிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அது விரலின் இரத்த ஓட்டத்தையே இறுக்கிவிடலாம். கழுத்துச் சங்கிலி விலா எக்ஸ்ரேக்கு மட்டும் இடைஞ்சல். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முன்கூட்டியே சொன்னால் போதும், படத்துக்கு வெளியே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

அடிபட்ட இடம் ஆடாமல் இருக்க அட்டை ஒன்றை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். எண்ணெய் தேய்க்க வேண்டாம், நீவ வேண்டாம், சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் இழுத்துவிடச் சொல்லவும் வேண்டாம். நகராத முறிவு என்றால் கட்டுப் போட்டே ஆறிவிடும். இழுத்து நகர்த்திவிட்டால் கம்பி வைக்க வேண்டியிருக்கும்.

பற்றுப் போட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுண்ணாம்பு கலந்து காய்ந்த பற்று எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டுகளாக விழும். மெல்லிய கீறல் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஸ்கேனிலோ ஒலியைத் தோலுக்குள்ளேயே விடாது. இரண்டுக்கும் கழுவியாக வேண்டும். வலிக்கும் கையைக் கழுவும்போது நீங்கள் படும் பாட்டைப் பார்க்க எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஸ்கேன் என்றதும் சிலர் வெறும் வயிற்றோடு, சிலர் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறார்கள். அதெல்லாம் வயிற்று ஸ்கேனுக்கு. எலும்பைப் பார்க்க எந்தப் பத்தியமும் தேவையில்லை. ஆனால் எலும்பு விலகியிருப்பது பார்த்தாலே தெரிகிறது, மயக்கம் கொடுத்து நேராக்க வேண்டியிருக்கலாம் என்றால் மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள்.

3. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள்

மொத்த வேலையிலும் நோயாளி செய்ய வேண்டிய மிக முக்கியமான பங்கு இதுதான். பெரும்பாலானோர் உள்ளங்கையால் மணிக்கட்டு முழுவதையும் தடவிக் காட்டி, “இங்கே எல்லாம் வலிக்கிறது” என்பார்கள். சுளுக்கில் வலி பரவியிருக்கும். முறிவிலோ எலும்பின் மேல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் உச்சத்தில் இருக்கும். அந்தப் புள்ளியை வீட்டிலேயே மெல்லத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, பேனாவால் சின்னக் குறி போட்டு வாருங்கள்.

இந்தக் குறி எதற்கு? எக்ஸ்ரேயில் எந்தப் பகுதியை நடுவில் வைப்பது, எத்தனை கோணம் எடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஸ்கேனுக்கு இன்னும் முக்கியம். அந்தக் கருவி ஒரு நேரத்தில் நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். புள்ளி தெரியாமல் பாதம் முழுவதும் தேடினால் முறிவின் மேலேயே கடந்து போய்விடலாம்.

எப்படி விழுந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், எந்த எலும்பைச் சந்தேகிப்பது என்று அதிலிருந்துதான் தெரியும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பு. பாதம் உட்புறம் மடங்கினால் கணுக்காலின் வெளிக்குமிழும் சுண்டு விரல் பக்கத்துப் பாத எலும்பின் அடிப்பகுதியும். பந்து விரல் நுனியில் பட்டால் கடைசி மூட்டு. சுவரைக் குத்தினால் சுண்டு விரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு. கடைசியில் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை, எல்லோரும் படியில் விழுந்ததாகத்தான் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் சரியான கோணம் முதல் தடவையிலேயே கிடைக்கும்.

கணுக்காலுக்கு ஒரு நல்ல வடிகட்டி உண்டு. கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள். அடிபட்ட உடனேயும், மருத்துவமனையில் பார்க்கும்போதும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. இரண்டு கணுக்கால் குமிழ்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ, ஐந்தாவது பாத எலும்பின் அடியிலோ, பாதத்தின் உட்பக்க நாவிகுலர் எலும்பிலோ தொட்டால் வலித்தாலும் தேவை. நொண்டிக்கொண்டாவது நாலடி நடக்க முடிகிறது, இந்த இடங்களிலும் வலி இல்லை என்றால் பெரும்பாலும் படமே வேண்டியதில்லை.

4. இரண்டும் எதைப் பார்க்கின்றன

எக்ஸ்ரே எலும்பு முழுவதையும் ஊடுருவி அதன் நிழலைப் பதிக்கிறது. உள்ளே, பின்னால், மூட்டுக்குள் எல்லாம் ஒரே படத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளக்க இதுதான் வேண்டும்.

ஸ்கேனின் ஒலி எலும்பின் மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். அதனால் எலும்பு ஒரு பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும், அதற்குக் கீழே வெறும் கருப்பாகவும் தெரியும். அந்தக் கோட்டில் உடைப்பு, படிபோல ஏற்ற இறக்கம், மேலே கட்டியிருக்கும் இரத்தம், தூக்கப்பட்ட எலும்பு உறை ஆகியவற்றை மிக நுணுக்கமாகக் காட்டும். மூட்டுக்கு உள்ளே இருப்பதையும் எலும்பின் மறுபக்கத்தையும் காட்டாது.

5. எக்ஸ்ரே: எத்தனை கோணம் என்று கேளுங்கள்

பெரியவர்களுக்கு, விலாவும் மூக்கும் தவிர மற்ற இடங்களில், எக்ஸ்ரேதான் முதலில். நாள் முழுவதும் கிடைக்கும், விரைவில் முடியும், எந்த எலும்பு மருத்துவரும் அதை வைத்து முடிவெடுக்க முடியும்.

ஒரே கோணத்தில் எடுத்த படத்தை ஏற்காதீர்கள். மண்பானையில் விழுந்த மயிரிழைக் கீறல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் திருப்பினால் தெரியும், இன்னொரு பக்கம் திருப்பினால் மறையும், எலும்பும் அப்படித்தான். குறைந்தது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்கள் வேண்டும். விரல், உள்ளங்கை, பாதம் ஆகியவற்றுக்குச் சாய்கோணம் ஒன்றும் சேர்த்து மூன்று.

புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள் தடுமாறும் இடம் விரலின் பக்கவாட்டுப் படம். மற்ற விரல்களை மடக்காமல் எடுத்தால் நான்கு விரல்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதுவும் தெரியாது. அடிபட்ட விரல் மட்டும் நீட்டியபடி, மற்றவை விலகியிருக்க வேண்டும். வலிக்கிறது என்று நீங்கள் ஒத்துழைக்காமல் இருந்தால் டெக்னீஷியன் கிடைத்ததை எடுத்து அனுப்பிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம் பிடியுங்கள்.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் எந்தப் பகுதி என்று பாருங்கள். ஒரு விரலுக்கு அடிபட்டால் அந்த விரலுக்கே படம் கேட்க வேண்டும். கை முழுவதையும் ஒரே படத்தில் எடுத்தால் கதிரின் மையம் உள்ளங்கையில் விழும், விரல் மூட்டு சாய்வாகப் பதிந்து சின்னச் சில்லு மறைந்துவிடும். மணிக்கட்டில், கட்டை விரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் விழும் குழியில் வலி இருந்தால், “ஸ்கேஃபாய்டு கோணங்கள்” என்று சீட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்த்து எடுக்கும் படம் அதில் சேரும். அப்படிச் சாய்க்கும்போதுதான் அந்த எலும்பு முழு நீளத்துக்கும் விரிந்து தெரியும்.

பாதத்தின் நடுப்பகுதி வீங்கி, உள்ளங்காலில் இரத்தம் கட்டியிருந்தால் நின்றபடி எடுக்கும் படம் கேளுங்கள். படுத்த நிலையில் சரியாக இருப்பதுபோல் தோன்றும் எலும்புகள் உடல் எடை ஏறும்போதுதான் விலகும். இரண்டு பாதங்களையும் எடுத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது.

கதிர்வீச்சுப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கை அல்லது பாத எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆக, ஒரு விரல் படம் நீங்கள் சும்மா வீட்டில் இருந்தாலே சில மணி நேரத்தில் பெறும் அளவுதான். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், கட்டாயம் சொல்லுங்கள். கை விரல் எக்ஸ்ரேயால் கருவுக்குச் சேரும் அளவு அற்பம், ஆனால் தெரிந்து எடுப்பதே முறை. குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே வருகிறவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. ஈய அங்கி இல்லாமல் நிற்கவும் கூடாது.

6. அல்ட்ராசவுண்ட்: மாவுக்கட்டுக்கு முன்னால்

வரிசை இங்கேதான் கெடும். எக்ஸ்ரேயைக் கட்டின் மேலேயே எடுக்கலாம், தெளிவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஸ்கேனின் ஒலி மாவுக்கட்டுக்குள் போகவே போகாது. எனவே ஸ்கேன் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னால் முழுக் கட்டுப் போடும் முன் எடுத்துவிடுங்கள், அல்லது கழற்றி மாட்டும் பட்டையோடு போங்கள். கட்டை வெட்டி எடுத்து ஸ்கேன் செய்து மறுபடி கட்டுப் போட்டால் இரண்டு கட்டணம், மூன்று தடவை வலி.

எங்கே எடுப்பது என்பதற்கு இந்தியாவுக்கே உரிய ஒரு நடைமுறை உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் இயந்திரம் வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். விரல் எலும்பைப் பார்க்கும் இயந்திரமும் அதில் அடங்கும். அதனால்தான் எக்ஸ்ரே இருக்கும் பல சின்ன எலும்பு மருத்துவமனைகளில் ஸ்கேன் இருப்பதில்லை. பெரும்பாலும் உங்களைப் பரிசோதனை மையத்துக்கு அனுப்புவார்கள்.

அங்கே நேரம் வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். தசை, எலும்பு ஸ்கேன் பார்த்துப் பழகிய மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார்? அதிக அதிர்வெண் கொண்ட நேர்கோட்டு புரோப் (தோலில் வைத்து நகர்த்தும் கருவி முனை) இருக்கிறதா? வயிற்றுக்குப் பயன்படும் வளைந்த புரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் ஆழமாகப் பார்க்கும். விரல் எலும்போ தோலிலிருந்து சில மில்லிமீட்டரில் இருக்கிறது; அதற்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும் புரோப் வேண்டும். இது இல்லாத இடத்தில் எடுத்த ஸ்கேனுக்குக் கொடுத்த பணம் வீண்.

நல்ல ஸ்கேன் எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் அவசரத்தில் முடித்து அனுப்பப்படும்போது உங்களுக்கே புரியும். முதலில் வலி இல்லாத இடத்தில் தொடங்கி, குறி போட்ட புள்ளியை நோக்கி நகர்வார்கள். எலும்பின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. பிறகு அடிபடாத மறுபக்கத்தின் அதே இடத்தைப் பார்த்து ஒப்பிடுவார்கள். ஒப்பிடாத ஸ்கேனில் இயல்பான மேடுபள்ளம்கூட முறிவாகத் தோன்றும்.

புரோபை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஜெல்லைக் கெட்டியாகக் குவித்து அதன் மேல் மிதக்கவிட்டால் போதும். விரலுக்கு இன்னொரு எளிய வழி: பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கையை அதில் வைத்து, புரோபைத் தோலில் படாமல் நீருக்குள் பிடித்துப் பார்ப்பது. ஒலி நீரில் நன்றாகவே பயணிக்கும். வலிக்குப் பயந்து அழும் குழந்தைகூட இதில் விளையாட்டுப்போலக் கையை நீட்டும். தோல் கிழிந்திருந்தால் மட்டும் இது கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

7. எந்த எலும்புக்கு எது

*விரல்.* எக்ஸ்ரே மூன்று கோணம். அடுக்குமாடி வளாகத்து கிரிக்கெட்டில் பந்து நுனியில் பட்டு, கடைசி மூட்டு தொங்கிப்போய் நிமிர்த்த முடியவில்லை என்றால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. எலும்பு முறியாமல் தசைநாண் மட்டும் அறுந்திருக்கலாம். ஸ்கேன் அதை விரலை அசைக்கச் சொல்லியே காட்டிவிடும். இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் மூட்டை நிமிர்த்தியபடி பட்டை. நடுவில் ஒரு நாள் மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து.

இரண்டு கருவிகளும் காட்டாத ஒன்று உண்டு. விரல்களை மெல்ல மடக்கிப் பாருங்கள். அடிபட்ட விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டால் எலும்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. படத்தில் சாதாரணக் கீறல்போல் இருந்தாலும் அதை நேராக்கியே ஆக வேண்டும். மருத்துவர் மடக்கிப் பார்க்கச் சொல்லவில்லை என்றால் நீங்களே காட்டுங்கள்.

*ஸ்கேஃபாய்டு.* சின்ன எலும்புகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பள்ளத்தில் சறுக்கி ஸ்கூட்டரிலிருந்து கையூன்றி விழுந்தவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். பெங்களூருச் சாலைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து உள்ளே நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகலாம். முதல் நாள் எக்ஸ்ரே கணிசமான பேருக்குச் சுத்தமாகவே வரும். ஸ்கேனில் கோட்டில் உடைப்புத் தெரிந்தால் அது பயனுள்ள செய்தி. தெரியாவிட்டால் முறிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் அந்த எலும்பின் பெரும்பகுதி மூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டை விரல் அடியில் உள்ள குழியில் வலி இருந்தால் பட்டை போட்டுக்கொண்டு காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ.

*குழந்தையின் முன்கை.* ஸ்கேன் தனியாகவே நிற்கக்கூடிய இடம் இது. ஆஸ்திரேலியாவில் 5 முதல் 15 வயது வரையிலான 270 குழந்தைகளிடம் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்த குழந்தைகளின் கை நான்கு வாரம் கழித்து, முதலில் எக்ஸ்ரே எடுத்தவர்களின் கையைவிடக் குறையாமல் இயங்கியது. கை கோணியிருந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மணிக்கட்டுக்கு அருகில் எலும்பு உடையாமல் லேசாக நசுங்கிப் புடைத்திருந்தால் சுமார் மூன்று வாரம் கழற்றி மாட்டும் பட்டை போதும். கோட்டில் உடைப்பே தெரிந்தால் எக்ஸ்ரேயும் எடுத்து விலகலை அளக்க வேண்டும். முழங்கையில் அடி என்றால் ஸ்கேனோடு நிறுத்தாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

குழந்தைகளிடம் இரண்டு கருவிகளும் ஏமாற்றும் இடம் வளர்ச்சித் தட்டு. எலும்பின் முனையில் வளரும் குருத்துப் பகுதி, எக்ஸ்ரேயில் இருண்ட கோடாகவும் ஸ்கேனில் இடைவெளியாகவும் தெரியும். அதன் விளிம்பு வழவழப்பாக வளைந்திருக்கும். முறிவின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மறுகையில் அதே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். ஐந்தாவது பாத எலும்பின் அடியிலும் இதே சிக்கல்: வளர்ச்சிக் கோடு எலும்பின் நீளத்தோடு ஒட்டி ஓடும், முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும்.

*பாத எலும்பில் அழுத்த முறிவு.* விழாமல் கொள்ளாமல், ஓடி ஓடியே வருவது. கப்பன் பூங்காவில் திடீரென்று தூரத்தைக் கூட்டி 10 கி.மீ. ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள், புதிதாக நாள் முழுதும் நிற்கும் வேலைக்கு வந்த காவலாளிகள். இரண்டாம், மூன்றாம் பாத எலும்புகளின் மேல்புறம் வலிக்கும். எக்ஸ்ரேயில் இரண்டு மூன்று வாரம்வரை எதுவும் தெரியாமல் போகலாம். ஸ்கேனில் எலும்பு உறை தடித்திருப்பதும் அதன் மேல் நீர் கோத்திருப்பதும் அதற்கு முன்பே தெரியக்கூடும். உறுதி செய்ய எம்.ஆர்.ஐ.

*விலா.* எக்ஸ்ரே இங்கே பல முறிவுகளைத் தவறவிடும். ஸ்கேன் கூடுதலாகக் கண்டுபிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாத குருத்தெலும்பு உடைப்பையும் காட்டும். ஆனாலும் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், அது விலாவுக்காக அல்ல. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க. அது இல்லை என்றால், ஒரு விலாவில் கீறல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதால் சிகிச்சை பெரும்பாலும் மாறாது: வலி மாத்திரை, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள். வயதானவர்களுக்கு மூச்சு மேலோட்டமாகி நிமோனியா வர அதுவே வழி.

*மூக்கு.* எக்ஸ்ரே அதிகம் உதவாது. ஸ்கேன் மெல்லிய மூக்கெலும்பின் கீறலை நன்றாகக் காட்டும். ஆனால் மூக்குக்குள் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் அன்றைக்கே விளக்கடித்துப் பார்ப்பது இரண்டையும்விட அவசரம். கோணலை நிமிர்த்துவதானால் வீக்கம் வடிந்த பிறகு, பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்.

8. இரண்டும் வேறுவேறு சொன்னால்

ஸ்கேன் முறிவு என்கிறது, எக்ஸ்ரே இல்லை என்கிறது. அந்த உடைப்பு நீங்கள் குறி போட்ட புள்ளியிலேயே இருந்து, மேலே இரத்தமும் கட்டியிருந்தால் ஸ்கேனை நம்பி முறிவாகவே நடத்துவது பாதுகாப்பு. புள்ளியிலிருந்து விலகி, வலியே இல்லாத இடத்தில் ஒரு பிளவு தெரிந்தால் அது பிறவியிலேயே தனியாக உருவான உபரி எலும்பாகவோ, வயதினால் வளர்ந்த முனையாகவோ இருக்கலாம்.

எக்ஸ்ரே முறிவு என்கிறது, ஸ்கேன் இல்லை என்கிறது. பெரும்பாலும் எக்ஸ்ரேதான் சரி. கோடு ஸ்கேன் எட்டாத பக்கத்தில் இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் தெரிவது பழைய முறிவாக இருந்தால் ஸ்கேனில் அதன் மேல் புதிய இரத்தக்கட்டு இருக்காது, தொட்டாலும் வலிக்காது. சிறுவயதில் விழுந்ததை மறந்துவிட்டு வருகிற பெரியவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

9. படம் சுத்தம், வலி அப்படியே

அறிக்கையில் “வெளிப்படையான முறிவு தென்படவில்லை” என்று இருந்தால், அன்றைக்கு அந்தக் கோணங்களில் தென்படவில்லை என்பது மட்டுமே பொருள். வீட்டில் அதை “ஒன்றும் இல்லையாம்” என்று சொல்லிவிட்டு மறுநாளே வண்டி ஓட்டப் போகிறார்கள்.

புள்ளி வலி நீடித்தால் 10 முதல் 14 நாள் கழித்து எக்ஸ்ரேயை மீண்டும் எடுங்கள். அதற்குள் முறிவின் விளிம்பில் எலும்பு சற்றுக் கரைந்து கோடு அகலமாகும். புது எலும்பு படியத் தொடங்கியிருக்கும். நாலாம் நாளே மறுபடி எடுப்பதில் பயனில்லை, அதே படம்தான் வரும். அதுவரை பட்டையைக் கழற்ற வேண்டாம். இரண்டாவது படமும் சுத்தம், வலி மட்டும் குறையவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. பற்றிப் பேசும் நேரம்.

10. படங்களை வைத்திருப்பதும் ஊருக்குப் போவதும்

பெங்களூருவில் எடுத்துவிட்டுத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ காட்டிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் புகைப்படத்தை நம்பிப் போகாதீர்கள். மெல்லிய கீறல் அதில் முதலில் காணாமல் போகும். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவத்தில் குறுந்தட்டாகவோ இணைய இணைப்பாகவோ கேட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்குப் படத்தைவிட எழுதிய அறிக்கை முக்கியம், ஏனெனில் எந்த இடத்தில் எந்தத் திசையில் பார்த்தார் என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும். வலது, இடது என்ற குறி படத்தில் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

புத்தூர் கட்டுக்குப் போகிறவர்களை நான் தடுத்து நிறுத்தியதில்லை, நிறுத்தவும் முடியாது. நகராத சின்ன முறிவு எந்தக் கட்டிலும் ஆறும், அந்தக் கட்டின் பேருக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்கேஃபாய்டும், மூட்டுக்குள் போன முறிவும், முறுக்கிக்கொண்ட விரலும் அப்படி ஆறாது. எனவே போவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்து, இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எந்தக் கட்டானாலும் விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்தி விடுவித்தால் இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்பவில்லை, அல்லது வலி மணிக்கு மணி கூடுகிறது என்றால் விடியும்வரை பொறுக்காமல் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆறும் கட்டத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிந்தால் பதற வேண்டாம். வலி போய் எலும்பு ஒட்டிய பிறகும் அந்தக் கோடு சில வாரங்கள் நிற்கும். புது எலும்பு படிவதை ஸ்கேன் அதைவிட முன்பே காட்டும் என்றாலும் அதற்காக மட்டும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. புள்ளியை அழுத்தினால் வலிக்கிறதா என்று மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பார். பட்டையை எப்போது கழற்றலாம் என்பதை அதையும் படத்தையும் சேர்த்து வைத்து அவர் சொல்வார்.